இளைப்பு, சளி, உடம்பு வத்திப்போறது: எங்கட வன்னிச் சனம் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

அம்மாவுக்கு சி.ஓ.பி.டி, அதாவது நாட்பட்ட சுவாசப்பை அடைப்பு வருத்தம் எண்டு பேர் வச்சு ஏழு வருசமாகுது. மாசாமாசம் கிளினிக் கொப்பியைக் கையில வச்சுக்கொண்டு வாங்கில குந்தியிருந்து, பக்கத்தில இருந்த சனத்தோட கதைச்சு, டொக்டர்மாருக்கும் மிஸ்மாருக்கும் கரைச்சல் குடுத்துக் கேட்டு, பிறகு இரவிரவா நானும் வாசிச்சு அறிஞ்சதுதான் இது. நான் டொக்டர் இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன். ஆனா விசுவமடுப் பக்கம் ஆருக்கு இளைச்சாலும் இப்ப என்னட்டத்தான் கேக்கினம், ஒரே கேள்விக்கு திரும்பத் திரும்ப வொய்ஸ் மெசேஜ் போட்டுப் போட்டு எனக்கே இளைக்குது. அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிவிடுறன்.

சி.ஓ.பி.டி எண்டு கொப்பியில எழுதிக்கிடக்கு. அது தொய்வுதானே (ஆஸ்துமா)?

இல்லை. ரெண்டிலயும் இழுக்கும், ரெண்டுக்கும் பம் (மருந்தை வாயால இழுக்கிற இன்ஹேலர்) குடுப்பினம், அதால சனம் ஒண்டெண்டு நினைக்குது. தொய்வு வந்து போகும், இடையில ஆள் நல்லா இருப்பார், சின்ன வயசிலயே தொடங்கிறதும் கூட. இது அப்பிடி இல்லை. காத்துக்குழாய் வருசக்கணக்கா வீங்கி ஒடுங்கி, சளி தேங்கி, சுவாசப்பையில இருக்கிற சின்னச் சின்ன காத்துப்பையள் இடிஞ்சு போறது. அப்ப என்ன நடக்குதெண்டா உள்ள போன பழைய காத்து முழுக்க வெளிய வராது, அது உள்ளுக்க கிடந்தா புதுக்காத்துக்கு இடம் எங்க? "மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு" எண்டு அவை சொல்லுறது உண்மையில முதல் மூச்சை விட ஏலாததாலதான்.

கண்டுபிடிக்கிறது ஊதிப் பாக்கிற டெஸ்டாலதான், ஸ்பைரோமெட்ரி எண்டுறது. பம் அடிச்சுப்போட்டு பலமா ஊத விடுவினம், மொத்தமா ஊதின காத்தில முதல் செக்கனில வெளிய வந்தது 70 வீதத்துக்குக் குறைவெண்டா அடைப்பு இருக்கு. எக்ஸ்ரேயை மட்டும் பாத்து முடிவெடுக்க ஏலாது. எங்கட அம்மாவுக்கு ஒரு இடத்தில கனகாலம் "தொய்வு, தொய்வு" எண்டே குளிசை குடுத்தவை, ஒருத்தரும் ஊத விடேல்லை. நாங்களும் கேக்கேல்லை, கேக்கலாமெண்டே தெரியாது.

அம்மா ஒரு நாளும் சிகரெட் குடிச்சதில்லையே, அவவுக்கு எப்பிடி வந்தது?

இதைத்தான் கூடக் கேக்கினம், கேக்கேக்க ஒரு வெக்கத்தோட வேற கேக்கினம், ஏதோ களவாப் பத்தினமாதிரி ஆரும் நினைப்பினமோ எண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்லுறதைப் பாருங்கோ: பணக்கார நாடுகளில இந்த வருத்தத்தில 70 வீதத்துக்கு மேல புகைபிடிக்கிறதால வருது, எங்களை மாதிரி நாடுகளில அது 30, 40 வீதம்தான். மிச்சம்? அடுப்புப் புகை, வேலைத்தலத் தூசி, வெளிக்காத்து, சின்ன வயசில வந்த நெஞ்சு வருத்தங்கள்.

அடுப்புப் புகையை எடுங்கோ. எங்கட அம்மா ஏழெட்டு வயசில அடுப்பு மூட்டத் தொடங்கினவ, இப்ப அறுபத்தொன்பது. ஒரு நாளைக்கு மூண்டு மணித்தியாலம் எண்டு வச்சுக் கணக்குப் பாருங்கோ. அதுவும் எப்பிடிப்பட்ட குசினியள்? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒவ்வொரு இடத்திலயும் மூண்டு கல்லு வச்சு, தறப்பாளுக்குக் கீழ, பிறகு 2009ல மெனிக் பாம் முகாமில கூடாரத்துக்குப் பக்கத்தில, திரும்பி வந்தாப்போல தகரக் கொட்டிலுக்குள்ள. மாரியில ஈர விறகு. பாலையோ வீரையோ நல்லாக் காய்ஞ்சதெண்டா புகை குறைவு, ஆனா ஐப்பசி கார்த்திகையில காய்ஞ்ச விறகுக்கு எங்க போறது, நனைஞ்ச தடியை வச்சு ஊதி ஊதி, கண்ணாலயும் மூக்காலயும் தண்ணி ஓட, இடுப்பில ஒரு பிள்ளை வேற.

அந்தப் புகையில இருக்கிற நுண்தூசியை பி.எம். 2.5 எண்டு சொல்லுவினம், தலைமயிரின்ர தடிப்பில இருபதில ஒரு பங்குக்கும் சின்னன். மூக்கு மயிரிலயும் நிக்காது, சளியிலயும் ஒட்டாது, நேரா அடி வரைக்கும் போய் இருந்திடும். ஒரு நாளுக்கு சராசரியா ஒரு கன மீற்றர் காத்தில 15 மைக்ரோகிராமுக்கு மேல இருக்கக்கூடாது எண்டு 2021ல வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டல் சொல்லுது. கதவு பூட்டின விறகுக் குசினியில சமைக்கிற நேரம் இது நூற்றுக்கணக்கில ஏறும்.

இடுப்பில இருந்த பிள்ளையை மறந்திடாதேங்கோ. சுவாசப்பை இருபது இருபத்தைஞ்சு வயசு மட்டும் வளரும், பிறகு மெல்ல மெல்லக் குறையிறதுதான். வயித்துக்குள்ள இருக்கேக்கயே புகையும் பட்டினியும், பிறந்து நிறை குறைவு, பிறகு பங்கருக்குள்ள நிமோனியா எண்டு வளர்ந்த பிள்ளை முழு அளவுக்கு வளராமலே இறங்கத் தொடங்கிடும். அதாலதான் நாப்பது வயசில கிளினிக்கில வந்து இருக்கிற பெடியளைப் பாக்க எனக்கு ஆச்சரியமா இல்லை.

கேஸ் அடுப்பு வாங்கிக் குடுத்தாச்சு, மனிசி திரும்ப விறகிலதான் நிக்குது. என்ன செய்யிறது?

அவவைப் பேசாதேங்கோ. 2022ல வீட்டுச் சிலிண்டர் 4,800 ரூபாவையும் தாண்டினது ஞாபகம் இருக்கோ, அதுவும் லைனில நிண்டால்தான். அண்டைக்கு விறகுக்குத் திரும்பின வீடுகளில கனபேர் பிறகு கேசுக்குத் திரும்பவே இல்லை. இருக்கிற வீட்டிலயும் கேஸ் தேத்தண்ணிக்கும் விருந்தாளிக்கும், சோறும் மாட்டுக்குக் கஞ்சியும் விறகில. பற்றைக்குள்ள போனா விறகு சும்மா கிடைக்குது, கேசுக்குக் காசு வேணும், கணக்கு அவவுக்கு வடிவாத் தெரியும்.

விறகுதான் எண்டா இதுகளைச் செய்யலாம். புரட்டாதிக்கு முதலே விறகைக் கொத்தி மழை படாம அடுக்குங்கோ, என்னைக் கேட்டா செலவில்லாம கூடப் பலன் தாறது இதுதான். சுவருக்கும் கூரைக்கும் இடையில ஒரு முழம் திறந்து விடுங்கோ, புகைக்கூடு வைக்க வசதியெண்டா வையுங்கோ. சோறு, நெல்லவிக்கிறது மாதிரி நீண்டநேர வேலையை வெளியில, காத்துக்கு முதுகைக் காட்டி நிண்டு செய்யுங்கோ. ரெண்டு பானை வைக்கிற அனகி மண்ணடுப்பு விறகையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கும். புகையை இல்லாமச் செய்யும் எண்டு விக்கிறவை சொன்னா நம்பாதேங்கோ, குறையும், அவ்வளவுதான். பிறகு ஒரு சங்கதி, இளைக்கிற ஆள்தான் கட்டாயம் அடுப்பூத வேணுமோ? வீட்டில வளந்த ஆம்பிளைப் பிள்ளையள் இருக்கினம்தானே.

அடுப்பை விட வேற என்ன இருக்கு?

எங்கட பக்கம் கனக்க இருக்கு. மாசி பங்குனியில காலபோக நெல்லு வெட்டு, மெஷின் போற பக்கமெல்லாம் சூட்டுத் தூசி, பிறகு றோட்டில நெல்லுக் காயவிட்டு தூத்திறது, மில்லில உமித் தூசி. வைக்கோல் எரிக்கிறது. வவுனியாப் பக்கம் கல்லுடைக்கிற கிரஷரில வேலை செய்யிறவைக்கு சிலிக்காத் தூசி, அது சுவாசப்பையைத் தழும்பாக்கி விடும், தண்ணி தெளிச்சுப்போட்டு உடைச்சா பாதி பிரச்சினை குறையும், ஆனா தெளிக்கிறது குறைவு. உள் றோட்டுகள் இன்னும் கிரவல்தான், சோளகக் காத்துத் தொடங்கினா ஒரு டிப்பர் போனால் அரை மணித்தியாலத்துக்குச் சிவப்புப் புழுதி. பின்னேரத்தில வளவுக் குப்பையோட பொலித்தீனையும் சேத்துக் கொளுத்திறது எங்கட ஆக்களின்ர பெரிய பழக்கம், இதை மட்டும் நாளைக்கே நிப்பாட்டலாம், ஒரு சதம் செலவில்லை.

வெளியில இருந்து வாற காத்தும் இருக்கு. 2022 மார்கழியில மண்டோஸ் புயல் நேரம் காத்தின்ர தரம் மோசமாகி டிசம்பர் 9 பள்ளிக்கூடங்களையும் பூட்டினவை. அந்தப் புயல் குளிரிலதான் வடக்கில மாடுகள் விறைச்சு விறைச்சுச் செத்தது. அந்தக் கிழமை அம்மா ரெண்டு தரம் வாட்டில நிண்டவ.

மாஸ்க் போடலாமோ எண்டால், கொரோனாக் காலத்து நீல மாஸ்க் பக்கத்தால காத்தை விடும், தூசிக்குப் பெரிசா உதவாது. முகத்தோட ஒட்டி நிக்கிற என்95 வகை வேலைக்குப் போற சுகதேகிக்கு நல்லது. ஏற்கனவே இளைக்கிற ஆள் அதைப் போட்டால் இன்னும் முட்டும், அவர் அண்டைக்கு அந்தப் பக்கம் போகாம இருக்கிறதுதான் சரி.

அப்பு சுருட்டுத்தான், உள்ளுக்கு இழுக்கிறேல்லை எண்டுறார்.

எல்லா அப்புமாரும் அதைத்தான் சொல்லுறவை. சுருட்டு, பீடி, சிகரெட் எல்லாம் ஒண்டுதான். எழுபதில விட்டாலும் பிரயோசனம் இருக்கு, போனது திரும்பாது, ஆனா இறங்கிற வேகம் குறையும். அப்பு வாசலில பத்திற புகை உள்ள இருக்கிற பேரப்பிள்ளைக்கும்தான். அதோட, 21 வயசுக்குக் குறைஞ்ச ஆளுக்குப் புகையிலைச் சாமான் விக்கிறது 2006ஆம் ஆண்டு வந்த சட்டப்படி குற்றம், பெடியனைக் கடைக்கு அனுப்பாதேங்கோ.

முந்தி ரிபி (காசநோய்) வந்து மாறினது. இப்ப இளைக்குது. திரும்ப வந்திட்டுதோ?

திரும்பியும் வரலாம், பழைய தழும்பாலயும் இளைக்கலாம். கிருமி செத்தாலும் அது தின்ட இடம் தின்டதுதான். ரெண்டு கிழமைக்கு மேல இருமல் எண்டால் மாவட்ட மார்பு நோய்க் கிளினிக்கில சளி டெஸ்ட் செய்யலாம், காசில்லை, மருந்தும் காசில்லை. எங்கட ஆக்கள் சிலருக்கு நெஞ்சுக்குள்ள இன்னும் ஷெல் பீஸ் கிடக்கு. அதையும் டொக்டரிட்ட முதலே சொல்லுங்கோ, எக்ஸ்ரேயில கண்டு அவர் பதறுறதுக்கு முதல்.

ஐயா நெல்லு மூடை தூக்கித் திரிஞ்ச மனிசன், இப்ப சேட்டு ஹேங்கரில தொங்கிறமாதிரிக் கிடக்கு. இது வயசா, வருத்தமா?

ரெண்டுக்கும் இடையில ஒண்டு இருக்கு, அதுக்கு நலிவு எண்டு சொல்லலாம். சும்மா மெலிஞ்சு போறது இல்லை, உடம்பில இருந்த மேலதிக பலம் தீர்ந்து போறது. நல்ல ஆளுக்குத் தடிமன் வந்தால் மூண்டு நாளில எழும்புவார், நலிஞ்ச ஆளுக்கு அதே தடிமன் வந்தால் படுத்திடுவார், பிறகு பழைய நிலைக்கு வரமாட்டார். 2001ல அமெரிக்காவில லிண்டா ஃப்ரீட் எண்ட டொக்டரும் அவவோட சேர்ந்த ஆக்களும் இதுக்கு ஐஞ்சு அடையாளம் சொன்னவை: தானா நிறை குறையிறது, எந்நேரமும் களைப்பு, கைப்பிடி பலமில்லாமப் போறது, நடை மெதுவாகிறது, அசைவு குறையிறது. மூண்டு இருந்தா நலிவு, ஒண்டு ரெண்டு எண்டா அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். சி.ஓ.பி.டி உள்ள ஆக்களில கிட்டத்தட்ட ஐஞ்சில ஒருத்தருக்கு இது இருக்கு.

வீட்டிலயே பாக்கலாம். நாலு மீற்றர் அளந்து வழமையான நடையில நடக்கச் சொல்லுங்கோ, ஐஞ்சு செக்கனுக்கு மேல போனால் மெதுவு. கதிரையில கையை மடிச்சுக்கொண்டு ஐஞ்சு தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கோ, பதினைஞ்சு செக்கனைத் தாண்டினால் கால் பலம் குறைஞ்சிட்டுது. விழப்பாத்தால் பிடிக்கிறதுக்கு ஒருத்தர் பக்கத்தில நிக்கவேணும்.

ஏன் வருது எண்டால், இளைக்குது எண்டு இருப்பார், இருக்க இருக்க தசை கரையும், கரைஞ்ச காலுக்கு அதே தூரத்துக்குக் கூட ஒட்சிசன் வேணும், அப்ப இன்னும் இளைக்கும், இன்னும் இருப்பார். இதில எங்கட பங்கையும் சொல்லவேணும். "நீங்கள் இருங்கோ அம்மா, நாங்கள் செய்யிறம்." தண்ணிச் செம்பைக் கூட கையில குடுக்கிறது. நான் ரெண்டு வருசம் அப்பிடித்தான் அம்மாவை இருத்தி வச்சனான், ஊரில நல்ல பிள்ளை எண்டு பேரும் எடுத்தனான். பிறகு ஒரு நாள் கிளினிக்கில பிசியோ செய்யிற தங்கச்சி அவவைக் கதிரையால எழும்பச் சொன்னா, கை ஊண்டாம எழும்ப ஏலேல்லை. அம்மா என்னைத் திரும்பிப் பாத்தா. நான் நிலத்தைப் பாத்தன்.

களைக்க களைக்க நடக்க விட்டால் ஏதும் நடந்திடாதோ?

டொக்டரிட்ட கேட்டுப்போட்டுத் தொடங்கினால், களைக்கிறதால சுவாசப்பை பழுதாகாது. களைப்பு பயமாத்தான் இருக்கும், எண்டாலும் பயமும் ஆபத்தும் ஒண்டில்லை. ஒரு வசனம் கதைக்க ஏலுமான அளவுக்கு நடக்கலாம், சொல்லுச் சொல்லாத்தான் வருது எண்டால் நிண்டு, முன்னுக்குச் சாஞ்சு கையை மதிலில வச்சுக்கொண்டு, சுடுதேத்தண்ணியை ஊதிற மாதிரி சொண்டைக் குவிச்சு நீளமா விடவேணும். மூக்கால எடுக்கிறதை விட வாயால விடுறது ரெண்டு மடங்கு நேரம்.

பெரிய ஆஸ்பத்திரியளில இதை ஒரு ஒழுங்கா வாரக்கணக்கில செய்விப்பினம். 2016ல வந்த ஒரு இங்கிலாந்து ஆய்வில, சி.ஓ.பி.டியோட நலிஞ்சும் போன ஆக்களில இந்தப் பயிற்சியை முடிச்சவையில பாதிக்கு மேற்பட்டவை நலிவு எண்ட நிலையை விட்டு வெளிய வந்தவை. ஆனா நலிஞ்ச ஆக்கள்தான் இடையில விட்டதும் கூட. அங்கயே அப்பிடி எண்டால், பஸ்சில ரெண்டு மணித்தியாலம் வாற எங்கட ஆச்சியின்ர நிலைமை என்ன?

அதால நாங்கள் வீட்டில தொடங்கினம். கதிரையால எழும்பி இருக்கிறது காலமை ஐஞ்சு, பின்னேரம் ஐஞ்சு. படலை மட்டும் நடை, ரெண்டு கிழமையால கிணத்தடி மட்டும், பிறகு அங்கால வீட்டு மதவடி. அம்மாவுக்கு உடற்பயிற்சி எண்டால் சிரிப்பு. "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிவீதியில நானா நடக்கவேணும்" எண்டு அவவே ஒரு கணக்கு வச்சா, அதுக்குப் பிறகு நான் ஒண்டும் சொல்லத் தேவை வரேல்லை.

முட்டை, தயிர், வாழைப்பழம் சளி எண்டு மறிக்கினம். என்ன குடுக்கலாம்?

குடுங்கோ. முட்டை சளியைக் கொண்டு வராது, ஒரு தனி ஆளுக்கு ஒவ்வாமை இருந்தால் அது வேற கதை. இந்த வருத்தக்காரர் மூச்சு விடுறதுக்கே மற்ற ஆக்களை விடக் கூடச் சத்தை எரிக்கினம், அவையிட்ட சாப்பாட்டைக் குறைச்சா தசையைத்தான் தின்னும். வயிறு முட்டச் சாப்பிட்டால் மூச்சு முட்டும், அதால கொஞ்சம் கொஞ்சமா ஐஞ்சாறு தரம். முட்டை, குளத்து மீன், நெத்தலி, அவிச்ச பயறு, கௌப்பி, உழுந்தங்களி, முருங்கையிலை. மாசத்தில ஒருக்கா நிறுத்து கொப்பியில எழுதுங்கோ. ஆறு மாசத்தில இருபதில ஒரு பங்கு நிறை தானாக் குறைஞ்சால் டொக்டரிட்டச் சொல்லவேணும்.

பிள்ளையள் எல்லாம் வெளிநாடு, காசு அனுப்பினம். ஆச்சி தனிய இருக்கிறா. அது சுவாசத்துக்கு என்ன செய்யும்?

கனக்கச் செய்யும். தனிய இருக்கிற ஆள் தனக்கு எண்டு சமைக்காது, சோறும் சம்பலும், இல்லாட்டி தேத்தண்ணியும் விசுக்கோத்தும். கதைக்க ஆளில்லாட்டி எழும்பி வெளிய வர ஒரு காரணமும் இல்லை. பம் முடிஞ்சால் ஆரும் கவனிக்கிறேல்லை. மனச்சோர்வு வந்தால் களைப்பு ரெண்டு மடங்கு, பிறகு எது வருத்தம் எது மனம் எண்டு பிரிக்க ஏலாது. எங்கட ஊரில இன்னும் காணாமப் போன பிள்ளைக்காக வாசலில இருக்கிற அம்மாமார் இருக்கினம். அவையிட்டப் போய் "நடவுங்கோ, சாப்பிடுங்கோ" எண்டு துண்டுப்பிரசுரம் நீட்டுறதில அர்த்தமில்லை. பக்கத்தில போய் இருக்கிறதில இருக்கு. எங்கட ஒழுங்கையில மூண்டு பேர் இப்ப செவ்வாய்க்கிழமை ஒண்டா ஒரே ஆட்டோவில கிளினிக் போகினம், காசும் மூண்டாப் பிரியுது, ஒருத்தி வராட்டில் மற்ற ரெண்டு பேரும் வீட்டு வாசலில போய் நிண்டு கூப்பிடுவினம். வெளிநாட்டில இருக்கிறவை காசோட கிழமையில ரெண்டு நாள் வீடியோ கோலில இருந்து "இண்டைக்கு எங்க மட்டும் நடந்தனீங்கள்" எண்டு கேட்டால் அதுவும் மருந்துதான்.

உதவிப்பணம் கிடைக்குமோ எண்டால், அரசாங்கத்தின்ர அஸ்வெசும, முதியோர் கொடுப்பனவு ரெண்டையும் கிராம சேவையாளரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் கேளுங்கோ. கிளினிக் கொப்பியைக் கொண்டு போங்கோ.

பம் பாவிச்சால் பழகிடுமாமே?

பழகாது. பிழையாப் பாவிச்சால்தான் வேலை செய்யாது. குலுக்கி, மூச்சை விட்டு, அமத்திற அதே நேரம் மெதுவா இழுத்து, பத்து எண்ணும் மட்டும் பிடிச்சு வையுங்கோ. வயசான ஆக்களுக்கு ஸ்பேசர் (பம்மில பூட்டி இழுக்கிற குழாய்) கேட்டு வாங்குங்கோ. ஸ்டீரொயிட் பம் எண்டால் பிறகு வாய் கொப்பளிக்கவேணும், இல்லாட்டி நாக்கில வெள்ளை பிடிக்கும். கூட்டுக்குளிசை போட்டு இழுக்கிற வகையை ஒரு பெரியவர் மாசக்கணக்கா தண்ணியோட விழுங்கினவர், சிரிக்காதேங்கோ, அவருக்கு ஆரும் செய்து காட்டேல்லை.

ஒரு ஒட்சிசன் மெஷின் வாங்கி அனுப்பட்டோ?

லண்டன், கனடாவில இருந்து வாற கேள்வி. பாசம் விளங்குது, அவசரப்படாதேங்கோ. சும்மா இருக்கேக்கயே விரல் கிளிப்பில ஒட்சிசன் அளவு 88 வீதம் அல்லது அதுக்குக் குறைவா நிக்கிற ஆளுக்குத்தான், அதுவும் ரத்தத்தில பாத்து டொக்டர் சொன்னால்தான், வீட்டு ஒட்சிசன் ஆயுளைக் கூட்டும். அதுக்கும் ஒரு நாளைக்குப் பதினைஞ்சு மணித்தியாலமாவது பிடிக்கவேணும். அளவு கூடினால் சில ஆக்களுக்கு ரத்தத்தில காபனீரொட்சைட்டு ஏறி மயங்கிப் போவினம். கரண்ட் பில்லு ஆர் கட்டிறது, கரண்ட் நிண்டால் என்ன செய்யிறது, பக்கத்தில அடுப்பு எரியுதோ எண்டெல்லாம் யோசியுங்கோ. அந்தக் காசுக்குக் குசினிக்குப் புகைக்கூடும் வருசம் முழுக்க முட்டையும் வரும்.

எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும்?

சளி மஞ்சள் பச்சையாகி, கூடி, இளைப்பும் கூடினால் அண்டைக்கே. சொண்டு நீலம், ஒரு வசனம் முடிக்க ஏலாது, நித்திரை மாதிரிக் கிடக்கிறார், ஆள் மாறாட்டமாக் கதைக்கிறார் எண்டால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, இலவசம். ஒழுங்கை அடையாளத்தை முதலே வடிவாச் சொல்லப் பழகுங்கோ. அங்க மருந்தை ஆவி மாதிரி இழுக்க விடுற நெபுலைசர் வைக்கிறதைத்தான் சனம் "புகை பிடிக்கிறது" எண்டுறது. புகையால வந்த வருத்தத்துக்குப் புகை பிடிக்கப் போறன் எண்டு அம்மா ஒவ்வொரு முறையும் பகிடி விடுவா.

இப்ப அம்மா எப்பிடி?

கதிரையால கை ஊண்டாம எழும்புறா. நிறை ரெண்டு கிலோ கூடினது. வைகாசியில வற்றாப்பளையில அரை வீதி நடந்து, கல்லில இருந்து இளைப்பாறி, மிச்சத்தையும் நடந்தவ, நான் தண்ணிப் போத்தலோட பின்னால. கூழ் காய்ச்சுறதெண்டால் இன்னும் விறகுதான், அதில கையே வைக்க விடமாட்டா, ஆனா அடுப்பு இப்ப மாமரத்துக்குக் கீழ.